வருவோர் எத்தனை? கவனிப்போர் எத்தனை?

டிக்கட் ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பவன் சோம்பேறியாகத் தோன்றுவான். உள்ளே இருப்பவனுக்கோ வெளியே நிற்பவர் பொறுமையற்றவராகத் தோன்றுவார். பல வருஷ காலம் உள்ளே அமர்ந்து சில்லறை எண்ணிய பிறகு, இரண்டு அபிப்பிராயமும் பெரும்பாலும் பிழை என்றே நமக்குப் படுகிறது. வருகிறவர் எத்தனை பேர், அவர்களைக் கவனிக்கிறவர் எத்தனை பேர் என்று ஒருவரும் எண்ணிப் பாராததே பாதிச் சண்டைக்குக் காரணம். இதை நாம் கற்றுக்கொண்ட விதத்தையும், அது நம்மவர் வீட்டு விஷயம் ஒன்றில் பயன்பட்ட கதையையும் இம்மாதம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் உத்தியோகத்தில் சேர்ந்த மூன்றாம் வருஷம். மே மாதம், பள்ளிகளுக்கு விடுமுறை. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். சாதாரண டிக்கட் கொடுக்கும் ஜன்னல்கள் நான்கு. அன்று திறந்திருந்தவை இரண்டு. ஒருவர் விடுப்பில் இருந்தார். இன்னொருவரைச் சரக்குப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். சட்டப்படி தவறு ஒன்றும் இல்லை. தெற்கே போகும் வண்டி நடைமேடைக்கு வந்து, ஊதி, புறப்பட்டும் விட்டது. அதன் பின்னும் நமது ஜன்னலுக்கு முன் வரிசை குறையவில்லை. நான்காவதாக நின்றவர் வேஷ்டியும் மேல்துண்டும் அணிந்த ஒரு பெரியவர். அவர் முறை வந்தபோது தமிழில் பேசினார்.

"தம்பி, நாற்பது நிமிஷமாக நிற்கிறேன். தங்கச்சிக்கு உடம்பு மோசம் என்று போன் வந்தது. வண்டி போய்விட்டதே, அடுத்தது எப்போது?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நமக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும். இரவு வண்டிக்கு டிக்கட் கொடுத்தோம். கைகூப்பி வாங்கிக்கொண்டு சென்றார். அவர் தங்கையை உயிருடன் கண்டாரா என்பதை இன்று வரை நாம் அறியோம்.

மறுநாள் முதல் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் கால் மணிக்கு ஒரு முறை வரிசையில் நிற்பவரை எண்ணிக் கோடு போட்டு வந்தோம். முதலில் அது மன ஆறுதலுக்குச் செய்த காரியமே. பின்னர் முன்பதிவு ஜன்னலுக்கு மாற்றப்பட்டோம். அங்கும் நோட்டுப் புத்தகம் உடன் வந்தது. ஒரு விண்ணப்பத்திற்குச் சராசரியாக 3 நிமிஷம். ஆகவே ஒரு ஜன்னல் மணிக்கு 20 பேரைக் கவனிக்கும். மணிக்கு 19 பேர் வந்தாலும் ஒருவருக்கும் தாமதம் இராது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நாமும் அப்படியே நினைத்திருந்தோம். நோட்டுப் புத்தகம் வேறு விதமாகச் சொல்லிற்று.

ஓய்வு பெற்ற மேலதிகாரி ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இதற்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது" என்று சொல்லிப் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். நாம் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவர்கள். ஆயினும் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தவனுக்கு அதன் சாரம் பிடிபடும். டென்மார்க்கு தேசத்தில் கோபன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1909-ஆம் ஆண்டிலும் 1917-ஆம் ஆண்டிலும் இதை ஆராய்ந்து எழுதினார். இத்தனை பேர் பேச வந்தால் இத்தனை இணைப்புகள் வேண்டும், குறைந்தால் இவ்வளவு பேர் காத்திருப்பார்கள் என்பதே அவர் ஆராய்ச்சி. இன்றைக்கும் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

அவர் காட்டிய வழியில் நமது ஜன்னலைக் கணக்கிட்டால் வருவது இது. ஜன்னலின் சக்தி மணிக்கு 20 பேர். வருகிறவர் மணிக்கு 10 பேரானால் ஒருவர் சராசரியாக 3 நிமிஷம் காத்திருப்பார். 16 பேரானால் 12 நிமிஷம். 18 பேரானால் 27 நிமிஷம். 19 பேரானால் 57 நிமிஷம். 20 பேர் வந்தாலோ வரிசைக்கு முடிவே இல்லை, நீண்டுகொண்டே போகும். 18-க்கும் 19-க்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆள்தான். ஆனால் காத்திருக்கும் நேரம் இரு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

காரணம் மிக எளிது. மக்கள் மூன்று நிமிஷத்திற்கு ஒருவராக அளவெடுத்து வருவதில்லை. ஒரு சமயம் ஐந்து பேர் சேர்ந்து வருவர். ஒரு சமயம் ஈயாடாது. எல்லோர் விண்ணப்பமும் ஒரே அளவு நேரம் பிடிப்பதும் இல்லை. காலையில் ஜன்னல் சும்மா இருந்த பத்து நிமிஷத்தைச் சேமித்து வைத்து நண்பகலில் செலவழிக்க முடியாது. போனது போனதுதான். ஆகவே சக்தி முழுவதையும் வேலையால் நிரப்ப முயலும் இடத்தில் வரிசை நீளுவது நிச்சயம். நூற்றுக்கு எண்பது பங்கு வேலையும் இருபது பங்கு இடைவெளியும் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். அந்த இடைவெளியைத்தான் வெளியே இருப்பவர் சோம்பல் என்கிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். இரண்டு ஜன்னல்களுக்கு முன் இரண்டு தனி வரிசை நின்று, ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 18 பேர் வந்தால், காத்திருப்பு 27 நிமிஷம். அதே 36 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எந்த ஜன்னல் ஒழிகிறதோ அங்கே அனுப்பினால் ஏறத்தாழ 13 நிமிஷம். ஆள் கூடவில்லை, பணம் செலவாகவில்லை, நேரம் பாதியாயிற்று. 1980-களின் நடுவில் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இன்ன வண்டிக்கு இன்ன ஜன்னல் என்று இருந்ததாம். ஒரு ஜன்னலில் கூட்டம் நெருக்க, அடுத்த ஜன்னலில் குமாஸ்தா பத்திரிகை படிப்பாராம். எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் டிக்கட் என்று ஆனதன் பெருமையை மூத்தவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள்.

இனி நம்மவர் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

இந்த நாகபுரியில் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமைக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வீட்டுக் கூரைமேல் சூரிய ஒளியால் மின்சாரம் உண்டாக்கும் தகடுகளை விற்று, பொருத்தியும் கொடுக்கிறார். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இதற்கென ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது அத்திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் ஆனால் 78,000 என்று மானியம் வைத்தார்கள். நமது ஊர் வெயிலைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் பிறந்தால் கூலர் ஓடாத வீடு இல்லை. மின்கட்டண ரசீதைக் கண்டவர்கள் அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள். அவரும் வாட்ஸப்பிலும் முகநூலிலும் விளம்பரம் கொடுத்தார். நாளொன்றுக்கு 40 பேர் விசாரித்தார்கள்.

அவரிடம் சிப்பந்திகள் நால்வர். அதில் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெண்ணின் தாயார் கணவரை இழந்தவர். மகளின் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. மார்ச்சு மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி நம் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஆயிரம் பேர் கேட்டார்கள், பதினொரு வீட்டில்தான் வேலை நடந்தது. பசங்களுக்குச் சுறுசுறுப்பு போதாது. அந்தப் பெண் போனை எடுப்பதே இல்லை என்று புகார். அவளை நிறுத்திவிட்டு வெளியாட்கள் ஆறு பேரை எடுக்கலாம் என்றிருக்கிறேன். சங்கத்தில் பேச்சு வரக்கூடாது பாருங்கள், அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்."

நமக்கு அந்த மே மாதத்துப் பெரியவர் நினைவுக்கு வந்தார். "அண்ணாச்சி, ஒரு வாரம் பொறுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றோம்.

அவ்வாரம் இரவுப் பணி ஆகையால் பகலில் அவர் கடையில் போய் அமர்ந்தோம். நால்வரையும் ஒரு தாளில் மணி குறிக்கச் சொன்னோம். கிடைத்த கணக்கு இது. விசாரிப்பு ஒவ்வொன்றுக்கும் முதல் பேச்சும் மறு பேச்சுமாகச் சேர்ந்து 20 நிமிஷம். நாற்பதில் எட்டுப் பேர் வீட்டுக்குப் போய்க் கூரையைப் பார்க்க வேண்டும். போக வர வெயிலில் இரண்டரை மணி நேரம். பார்த்து வந்த வீடு ஒவ்வொன்றுக்கும் விலைக் கணக்கு எழுத 50 நிமிஷம். கூட்டினால் பேச்சுக்கு 800 நிமிஷம், பயணத்துக்கு 1,200, எழுத்துக்கு 400. ஆக 2,400 நிமிஷம், அதாவது 40 மணி நேரம். மனிதன் கடையில் எட்டு மணி நேரம் இருந்தாலும் சாப்பாடு, தேநீர், பழைய வாடிக்கைக்காரரின் குறை என்பன போக ஆறு மணி நேரமே புது வேலைக்கு மிஞ்சும். நால்வருக்கு 24 மணி நேரம். நாற்பது மணி நேர வேலையை இருபத்து நான்கு மணி நேரத்தில் அனுமாரும் செய்ய இயலாது.

போனை எடுப்பதில்லை என்ற புகாரையும் பார்த்தோம். மற்ற மூவரும் வெளியே அலைவதால், வருகிற போன் நாற்பதில் இருபத்திரண்டு அந்தப் பெண் ஒருத்தியின் மேசைக்கே வந்தது. அவற்றிலும் பாதிக்கு மேல் காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் வந்தன. ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கையில் மற்றொருவரை எப்படி எடுப்பாள்? கடையிலேயே அதிக வேலை செய்தவள் அவள்தான். அதிக வேலை வந்ததாலேயே அதிகப் புகாரும் அவள் மேல் வந்தது. இது தவிர, இரவு 7 மணிக்கு மேல் வந்த போன்களை எடுக்க ஆளே இல்லை. கடை 6 மணிக்கு மூடிவிடுகிறது. கணவனும் மனைவியும் கூடி உட்கார்ந்து பெரிய செலவைப் பேசுவது இரவுச் சாப்பாட்டு வேளையில் அல்லவா?

அண்ணாச்சி தாளை வெகு நேரம் பார்த்தார். "அப்படியானால் ஆறு பேர் எடுக்க வேண்டியதுதானே?" என்றார்.

அவசரப்பட வேண்டாம் என்றோம். அதற்கு முந்தின வருஷம் கோடையில் மூன்று பையன்களை எடுத்து, மழை பிடித்ததும் ஜூலையில் அவர்களை அனுப்பியவர் அவர். அதில் ஒருவன் ஹிங்கணாத் தொழிற்பேட்டையில் இருந்த வேலையை விட்டு வந்தவன். பிறகு பல மாதம் வீட்டில் இருந்தான். கோடை வெள்ளத்தைக் கண்டு அணையை உயர்த்துகிறவன் ஆனி ஆடியையும் நினைக்க வேண்டும். மேலும் புதிதாக வருகிற ஒருவன் மானிய விதிகளையும் தகட்டின் நுட்பத்தையும் கற்க இரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை அவன் பாதி ஆள். அவனுக்குக் கற்றுக் கொடுப்பவன் முக்கால் ஆள். ஏப்ரலில் எடுத்த ஆறு பேர் வேலை கற்று முடிக்கையில் மழை வந்துவிடும்.

ஆகவே முதலில் வேலையைக் குறைத்தோம். போன் செய்கிறவரிடம் தொடக்கத்திலேயே நான்கு கேள்விகள்: வீடு சொந்தமா? கூரை உங்களுடையதா? மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறதா? பகலில் நிழல் விழுமா? நாற்பதில் பன்னிரண்டு பேர் வாடகைக்கு இருப்பவர்கள் அல்லது கூரையில்லாத அடுக்குமாடிக்காரர்கள். அவர்களுக்கு ஐந்தே நிமிஷத்தில் மரியாதையாகப் பதில் சொல்லிவிடலாம். வீணாகப் போய் வந்த மூன்று பயணமும் மிச்சம். மறுபடி கூட்டினால், 60 நிமிஷமும் 560-உம் 750-உம் 250-உம் சேர்ந்து 1,620 நிமிஷம்; 27 மணி நேரம். நாற்பதிலிருந்து இருபத்தேழு.

இருபத்தேழுக்கு ஐந்து பேர் போதும் என்று அண்ணாச்சி உடனே சொன்னார். நமது ஜன்னல் கணக்கை அவருக்குச் சொன்னோம். ஐவருக்கு 30 மணி நேரம். அதை நிரப்பினால் மறுபடியும் வரிசை, மறுபடியும் புகார். எண்பது பங்கு வேலைக்கு நாளுக்கு 35 விசாரிப்புக்கு மேல் ஐவர் தாங்கார். ஐந்தாவது ஆள் வேலை கற்கும் வரையில் நால்வருக்கு 28-தான். ஆகையால் விளம்பரத்தைக் குறையுங்கள் என்றோம்.

அவர் முகம் மாறிவிட்டது. "வருகிற லட்சுமியைக் கதவைச் சாத்தச் சொல்கிறீர்களே, தம்பி!"

"அண்ணாச்சி, இப்போது பணம் கொடுத்துக் கூப்பிட்டு, வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் கதவைத் திறக்காமல் இருக்கிறீர்கள். நாளுக்குப் பதினாறு பேர். மாதத்துக்கு நானூறு பேர். அவர் போய் 'அந்தக் கடையில் பேசினால் பதில் வராது' என்று பத்துப் பேரிடம் சொல்வார். கூப்பிடாமல் இருப்பதே மேல் அல்லவா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே விளம்பரச் செலவில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தினார். தெரு வாரியாக ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்ததை விட்டு, எல்லா விசாரிப்பையும் ஒரே பட்டியலில் எழுதி, கை ஒழிந்தவர் அடுத்ததை எடுத்துக்கொள்ளும்படி செய்தார். இருவர் நண்பகலில் வந்து இரவு 8 மணி வரை இருந்தனர். அந்தப் பெண் மேசையை விட்டு நீக்கப்படவில்லை. நான்கு கேள்விகளை வடிவாக இந்தியிலும் மராத்தியிலும் எழுதிக் கொடுத்தவள் அவளே. ஹிங்கணா வேலையை விட்டு வந்தானே, அந்தப் பையனை ஐந்தாவது ஆளாக மறுபடி அழைத்தார். ஏற்கெனவே வேலை அறிந்தவன் ஆகையால் இரண்டு மாதம் பிடிக்கவில்லை. மார்ச்சில் பதினொரு வீடு. மே மாதத்தில் பத்தொன்பது.

எல்லாம் நம் கணக்குப்படியே நடந்தது என்று பெருமை பேசினால் அது பொய்யாகும். ஒன்றில் நாம் தவறினோம். பேசி முடித்த வீடுகள் கூடியபோது, தகடு பொருத்தும் கொத்தனாரும் மின்வேலைக்காரரும் அதே இருவர்தாம் என்பதை மறந்துவிட்டோம். முன்னே நின்ற வரிசை பின்னே போய் நின்றது. ஜூன் மாத நடுவில் மழை பிடித்தபோது ஏழு வீடுகள் பாக்கி; இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஜன்னலை மட்டும் எண்ணினால் போதாது, நடைமேடை வரைக்கும் எண்ண வேண்டும் என்று அப்போது கற்றோம். அண்ணாச்சி நம்மைக் குறை சொல்லவில்லை. "மழைக்காலத்தில் பசங்களுக்கு என்ன வேலை என்று கவலைப்பட்டேன், பாக்கி வீடுகள் இருக்கின்றன" என்றார். பழைய வாடிக்கைக்காரர்களின் தகடுகளைக் கழுவிச் சரிபார்க்கும் வேலையும் அந்த மாதங்களில் தொடங்கிற்று. அவ்வருஷம் ஜூலையில் ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

நமது ஜன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் முன்பதிவு நடக்கிறது; இப்போது கைப்பேசியிலேயே சாதாரண டிக்கட்டும் கிடைக்கிறது. கூட்டம் குறைந்தது, ஜன்னலையும் குறைக்கலாம் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. ஆனால் நோட்டுப் புத்தகம் இன்னொன்று சொல்கிறது. விரைவில் முடிகிறவர்கள்தாம் கைப்பேசிக்குப் போனார்கள். ஜன்னலுக்கு வருகிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வயோதிகர்கள், சலுகைச் சீட்டு வைத்திருப்பவர்கள், வழி கேட்பவர்கள். அவர்களுக்கு மூன்று நிமிஷம் போதாது, ஐந்தாகிறது. தலையை மட்டும் எண்ணி நிமிஷத்தை எண்ணாதவன் ஜன்னலை மூடிவிட்டு, வரிசை ஏன் குறையவில்லை என்று ஆச்சரியப்படுவான். தட்கல் திறக்கும் 10 மணிக்கும் 11 மணிக்கும் வந்து பாருங்கள்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நம்மில் பலர் இன்று சிறு கடையோ, இட்லி மாவு வியாபாரமோ, இன்சூரன்ஸ் ஏஜன்சியோ நடத்துகிறோம். ஒரு சிப்பந்தியைச் சோம்பேறி என்று சொல்லும் முன் ஒரு வாரம், வெறும் ஒரு வாரம், வருகிறவரை எண்ணி, ஒவ்வொருவருக்கும் ஆகும் நிமிஷத்தையும் குறித்துப் பாருங்கள். ஒரு குயர் நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நாம் எழுதியிருப்பது கணக்கு அன்று. "நான்கில் இரண்டு, நாற்பது நிமிஷம், நான்காவதாக ஒரு பெரியவர்" என்பதே.